பத்திரத்தில் 20, கையில் 12: இந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கணவருக்கு வடபழஞ்சியில் ஐ.டி. வேலை. இருவருக்கும் சேர்த்து மாதம் 55,000 ரூபாய் கைக்கு வருகிறது. செல்லூரில் 6 லட்சம் ஒத்திக்கு (மொத்தப் பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது திரும்ப வாங்குவது) குடியிருக்கிறோம். சேமிப்பு மூன்றரை லட்சம். ஆனையூரில் ஒன்றே முக்கால் செண்ட்டில் மாடியோடு ஒரு பழைய வீடு 32 லட்சத்துக்கு வருகிறது. மாடியில் ஒத்திக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. பத்திரத்தில் 20 லட்சம் போட்டுக்கொண்டு மீதி 12 லட்சத்தை ரொக்கமாகத் தந்தால் பதிவுச் செலவு மிச்சம் என்கிறார் உரிமையாளர். ஆடி பிறப்பதற்குள் முடிக்கச் சொல்கிறார் மாமனார். பணம் குறைந்தால் என் நகையை விற்றுவிடலாமாம். என்ன செய்யட்டும்?
– வாசகி, மதுரை

பதில்: வாங்கலாம் சகோதரி. ஆனால் உரிமையாளர் சொல்லும் கணக்கில் வாங்காதீர்கள்.

அவர் மிச்சம் என்று சொல்வது எவ்வளவு? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 32 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 2,88,000 ரூபாய். 20 லட்சத்துக்குப் போட்டால் 1,80,000. மிச்சம் 1,08,000. இனி வங்கிப் பக்கம் வாருங்கள். பத்திர விலை, வங்கி இன்ஜினியர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் பொதுவாகக் கடன் கணக்கிடுவார்கள். 30 லட்சம் வரையான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு 90 சதவீதம். 20 லட்சப் பத்திரத்துக்கு 18 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. மீதி 14 லட்சமும் பதிவுச் செலவும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும், 15,80,000. அதுவே 32 லட்சத்தையும் பத்திரத்தில் காட்டி 25 லட்சம் கடன் வாங்கினால் கையிலிருந்து போவது 9,88,000 தான். ஒரு லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய், கிட்டத்தட்ட ஆறு லட்சத்துக்கு உங்கள் நகை கடைக்குப் போகும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவுக்கு அவருக்கு அபராதம் வரும். நாளைக்கு நீங்கள் இந்த வீட்டை விற்கும்போதும் வாங்கிய விலை 20 லட்சம் என்றுதான் கணக்காகும், அந்த 12 லட்சத்துக்கும் சேர்த்து லாபவரி கேட்பார்கள். இதை உரிமையாளரிடம் நேரில் சொல்லுங்கள். புரோக்கர் வழியாகச் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும்.

அடுத்தது மாடிக் குடும்பம். எனக்கு இதுதான் உறுத்துகிறது. மதுரையில் பெரும்பாலான ஒத்தி முத்திரைத்தாளில் எழுதுவதோடு சரி, பதிவு செய்வதில்லை. அதனால் வில்லங்கச் சான்றில் வராது. “பணம் கைக்கு வந்ததும் அவங்க கிளம்பிருவாங்க” என்பார் உரிமையாளர். பணம் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் அவர்கள் உங்களிடம்தான் நிற்பார்கள். மாடிக்கு ஏறிப் போய் ஒத்திப் பத்திரத்தைக் கேட்டு, தொகையையும் எத்தனை வருடத்துக்கு என்பதையும் பாருங்கள். அந்தத் தொகையை விலையில் கழித்து அவர்கள் கையிலேயே டி.டி.யாகக் கொடுத்து, ஒத்திப் பத்திரத்தில் வரவு எழுதி வாங்கி, மாடிச் சாவி கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் 6 லட்சமும் இதே கதைதான். அடுத்த ஒத்தி ஆள் கிடைத்தால்தான் உங்கள் வீட்டுக்காரர் திருப்பித் தருவார். இப்போதே சொல்லி வையுங்கள். இடையில் பணம் தாமதமானால் நகையை வங்கியில் அடகு வைக்கலாம், ஒத்திப் பணம் வந்ததும் மீட்டுவிடலாம். விற்க வேண்டாம். எப்படியானாலும் உங்கள் சம்பளமும் நகையும் போகும் வீட்டில் பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கட்டும். மாமனாரிடம் இதைக் கணவர் பேசுவதுதான் முறை.

ஒத்தியில் இருப்பவர்கள் மறந்துவிடுகிற ஒன்று: நீங்கள் இப்போது வாடகையே கொடுப்பதில்லை. 25 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் தவணை மாதம் ஏறக்குறைய 21,700 ரூபாய். முழுக்கப் புதுச் செலவு. இந்த மாதமே அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிப் பாருங்கள். மூன்றாவது மாதம் மூச்சு முட்டினால், நாளைக்குப் பிரசவத்துக்காக உங்கள் சம்பளம் நிற்கும்போது நிச்சயம் முட்டும். அப்போது இந்த விலை உங்களுக்கு அதிகம்.

பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0 பற்றி வங்கியில் கேளுங்கள். ஆண்டு வருமானம் 9 லட்சம், வீட்டு விலை 35 லட்சம், கடன் 25 லட்சம் என்ற வரம்புகளுக்குள் வருகிறீர்கள். இந்தியாவில் எங்கும் உங்களுக்குச் சொந்தப் பக்கா வீடு இருக்கக் கூடாது. வட்டி மானியம் அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து தவணையாகக் கடன் கணக்கில் வரும். முன்பணத்துக்கு உதவாது.

பட்டா, மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். மனை அங்கீகாரம் இல்லாத பழைய மனையா என்று மட்டும் தனியாகக் கேளுங்கள். அப்படியென்றால் 2017 விதிகளின்படி வரன்முறை செய்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வங்கி தயங்கும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் 2024 அக்டோபர் மழையில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விசாரியுங்கள். செல்லூரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுப்படிச் சுவரில் முழங்கால் உயரத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சும்மா விடாதீர்கள்.

ஆடிக்குள் பத்திரம் முடிய வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு வேண்டாம். ஆடிக்கு முன் விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள், ஆவணியில் கிரயம் வைத்துக்கொள்ளலாம். வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரி அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதற்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லையா, அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.