கேட்பவருக்கு ஏற்றபடி பேசுவது நாடகமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வேலை செய்யும் நிறுவனத்தில் பல தாய்மொழிக்காரர்கள் இருக்கிறோம். கூட்டங்களில் எல்லாருக்கும் பொதுவாக ஆங்கிலம். வேலையில் நடக்கும் தவறுகளைக் குறைக்க ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு தவறையும் நடந்த அன்றே, யார் கையில் நடந்தது என்ற விவரத்தோடு எழுதிவைக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். புள்ளிவிவரங்களோடுதான் போனேன். ஒருவரும் மறுக்கவில்லை, தலையாட்டினார்கள். ஆனால் ஒருவரும் எழுதவும் இல்லை. சில மாதம் கழித்து சக ஊழியர் ஒருவர் கிட்டத்தட்ட அதையே சொன்னார், உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. கேட்டால், "அவங்களுக்கு ஏத்த மாதிரி பேசத் தெரியணும்" என்கிறார்.

உண்மை ஒன்றுதானே? ஆளுக்கு ஒரு மாதிரி பேசுவது எனக்கு நாடகமாகப் படுகிறது. எந்த நாட்டவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நிறுவனத்தில் வகுப்பு வேறு எடுக்கிறார்கள். அதிலும் நம்பிக்கை வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

வகுப்பைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது, அதை முதலில் பேசிவிடலாம். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1976இல் ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொன்னார். சில சமூகங்களில் சொல்ல வந்ததை வார்த்தையிலேயே முழுதாகச் சொல்லிவிட வேண்டும். வேறு சிலவற்றில் பெரும்பகுதியைச் சூழலும் உறவும் மௌனமும் சொல்லிவிடும். நல்ல கவனிப்பு. ஆனால் வகுப்புகளுக்கு வரும்போது அது நாடுகளின் பட்டியலாகச் சுருங்கிப்போகிறது. ஒரே மனிதர் மேலதிகாரியிடம் சுற்றி வளைத்துப் பேசுவார், கூடப் பிறந்தவனிடம் பட்டென்று உடைத்துப் பேசுவார். எந்த நாட்டவர் என்று மட்டும் தெரிந்துகொண்டு அவரைப் புரிந்துகொண்டதாக நினைத்தால் அவரிடம் பேசுவதே நின்றுவிடும். ஹாலிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: ஒருவர் வாய் திறந்து சொல்லாததையும் கேட்கப் பழக வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். "ஒருவரும் மறுக்கவில்லை" என்று எழுதுகிறீர்கள். பத்துப் பேர் நடுவில், யோசனை சொன்னவரின் முகத்துக்கு நேராக மறுப்பது பலருக்கு மரியாதைக் குறைவு. தலையை ஆட்டிவிட்டு, செய்யாமல் இருந்துவிடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் மறுப்பு, அதைத் தெளிவாகவே சொல்லியும் இருக்கிறார்கள். ஜப்பானிய நிறுவனங்களில் நெமவாஷி என்று ஒரு நடைமுறை உண்டு. கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசி, அவரவர் தயக்கத்தைக் கேட்டு, திட்டத்தில் திருத்த வேண்டியதைத் திருத்திவிடுவார்கள். கூட்டத்தில் முறைப்படி ஒப்புதல் மட்டும் நடக்கும். வேகமாக முடிவெடுத்துப் பழகியவர்களுக்கு இது வீண் சுற்றாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை, தயக்கத்தை வெளியே சொல்ல ஒரு இடம் அங்கே கிடைக்கிறது.

அப்புறம் அந்தப் பொது ஆங்கிலம். ஆல்பர்ட் கோஸ்டாவும் சக ஆய்வாளர்களும் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓடிவரும் ரயிலிலிருந்து ஐந்து பேரைக் காப்பாற்ற, அதைத் தடுக்க ஒருவரைப் பாலத்திலிருந்து அதன் முன்னே தள்ளிவிடலாமா என்ற பழைய கேள்வியைச் சிலரிடம் தாய்மொழியிலும் சிலரிடம் பின்னால் கற்ற மொழியிலும் கேட்டார்கள். தள்ளலாம் என்றவர்கள் தாய்மொழியில் ஏறக்குறைய 20 சதவீதம், கற்ற மொழியில் 33 சதவீதம். கற்ற மொழியில் மனம் அவ்வளவாகப் பதறுவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். இதிலிருந்து உங்கள் கூட்டத்துக்கு நேராக ஒரு முடிவு எடுக்க முடியாதுதான். ஆனால் இரண்டாம் மொழியில் ஒருவர் சொல்லும் "சரி"யை வைத்துக்கொண்டு, மனதார ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் நம்பமாட்டேன்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. ஆளுக்கு ஒரு மாதிரி பேசுவது நாடகமா?

பொதுவாக நாம் யாரும் அப்படிப் பேசுவதே இல்லை. ஆளுக்குத் தக்கபடி பேசுவதாக நினைத்துக்கொண்டு நமக்குத் தக்கபடிதான் பேசுகிறோம். மேத்யூ ஃபைன்பெர்க், ராப் வில்லர் என்ற இரு சமூக உளவியலாளர்கள் 2015இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்க முற்போக்காளர்களிடம், ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கும்படி பழமைவாதிகளை இணங்கவைக்க ஒரு வாதம் எழுதச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு மதிக்கும் விழுமியத்திலிருந்து எழுதியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலானோர் சமத்துவம், நியாயம் என்று தங்களை அசைத்த காரணங்களையே எழுதினார்கள். பழமைவாதிகளை வேறொரு விஷயத்தில் எழுதச் சொன்னபோதும் இதே கதைதான். ஆனால் ஒருபாலினத் தம்பதிகளும் நாட்டை நேசிக்கும், நாட்டுக்கு உழைக்கும் குடிமக்கள்தானே என்ற பக்கத்திலிருந்து அந்தக் கோரிக்கையைச் சொன்னபோது பழமைவாதிகளின் ஆதரவு கூடியது. கோரிக்கையில் எந்த மாற்றமும் இல்லை, அதைச் சொன்ன காரணம்தான் வேறு. அந்தக் காரணம் பொய்யும் அல்ல.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இதற்கும் அடுத்த கட்டம். 2014இல் கினி, சியாரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவியபோது நடந்ததைச் சொல்கிறேன்.

எபோலாவில் இறந்தவரின் உடலிலும் வைரஸ் இருக்கும், தொட்டால் தொற்றும். அந்த ஊர்களிலோ இறந்தவரைக் குடும்பத்தினர் தங்கள் கையால் குளிப்பாட்டி அடக்கம் செய்வது கடமை. புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தின்போது நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அறிவியலில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் "எபோலாவுக்கு மருந்து கிடையாது" என்று தொடக்கத்தில் செய்த பிரச்சாரத்தைக் கேட்டவர்கள், அப்படியானால் நோயாளியை ஏன் கொண்டுபோய் விட வேண்டும் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தலை முதல் கால் வரை கவச உடை அணிந்தவர்கள் வந்து உடலை எடுத்துப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சில குடும்பங்களுக்குத் தெரியவில்லை. மக்கள் உடல்களை மறைத்தார்கள். ரகசியமாகப் புதைத்தார்கள்.

2014 நவம்பரில் அடக்கத்துக்குப் புது வழிமுறை வந்தது. மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் அதை உருவாக்குவதில் பங்கெடுத்தார்கள். அடக்கம் செய்யும் குழு வந்து இறங்கும்போதே கவச உடையில் இருக்கக் கூடாது. முகம் தெரிய வந்து, குடும்பத்தாருக்கு இரங்கல் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் உடுத்த வேண்டும். குழி வெட்டுவதில் குடும்பத்தினர் பங்கெடுக்கலாம், பிரார்த்தனை செய்யலாம். இஸ்லாமியக் குடும்பம் என்றால் நீரில் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் 'தயம்மும்' என்ற, நீரில்லாமல் மண்ணால் செய்யும் தூய்மைச் சடங்கைப் பாதுகாப்போடு செய்து, இறந்தவருக்கான கஃபன் துணியும் போர்த்தலாம்.

பாதுகாப்பு இல்லாமல் உடலைத் தொடக் கூடாது என்ற ஒரு விஷயம் இம்மியும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒரே உண்மை அப்படியேதான் இருந்தது. மற்றதெல்லாம் மாறியது. வந்தவர்கள் தங்கள் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை, தங்கள் நடைமுறையையே மாற்றினார்கள். தாயை அடக்கம் செய்யும் மகனுக்கு எது விட்டுக்கொடுக்க முடியாதது என்று தெரிந்துகொண்டு, அதற்கு இடம் விட்டார்கள். இதை நாடகம் என்று என்னால் சொல்ல முடியாது.

நாடகம் எங்கே தொடங்குகிறது? மாட்டேன் என்று அவர் சொன்னால் அதற்காக உங்கள் பக்கத்தில் எதையும் மாற்றப்போவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அவர் மதிக்கும் சொற்களை மட்டும் இரவல் வாங்கிப் பேசும்போது. தேர்தல் மேடைகளில் நாள்தோறும் கேட்பது இதைத்தான். எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சோதனை உண்டு. நான் இந்தக் காரணத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பவரிடமே வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? "உங்களுக்குக் குடும்ப மானம் பெரிது என்று தெரியும், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்" என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லையென்றால், தைரியமாகப் பேசலாம். சொல்ல முடியாமல் மறைக்க வேண்டியிருந்தால், அந்தக் காரணத்தை விட்டுவிட வேண்டும்.

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். "கிட்டத்தட்ட அதையே சொன்னார்" என்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் நண்பர் பேச்சை மட்டும் மாற்றியிருப்பார் என்று தோன்றவில்லை. "யார் கையில் நடந்தது" என்ற அந்த விவரத்தை அவரும் கேட்டாரா என்று பாருங்கள்.

அமெரிக்க விமானத் துறையில் இதே சிக்கல் வந்திருக்கிறது. தவறுகளையும் மயிரிழையில் தப்பியவற்றையும் விமானிகள் தாங்களாகவே தெரிவிக்க வேண்டும் என்று 1975இல் ஒரு திட்டம் வந்தது. ஆனால் கேட்டது, தண்டிக்கும் அதிகாரமும் கையில் வைத்திருந்த கட்டுப்பாட்டு அமைப்பு. அவர்களிடம் போய் யார் மனம்விட்டு எழுதுவார்? அதனால் 1976இல் அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு நாசாவிடம் போனது. எழுதியவர் யார் என்று காட்டும் விவரங்களை அவர்கள் நீக்கிவிடுவார்கள், தெரியாமல் செய்த தவறைத் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து பெரும்பாலும் பாதுகாப்பும் உண்டு. இன்றுவரை பத்து லட்சத்துக்கும் மேலான அறிக்கைகள் வந்திருக்கின்றன. பாதுகாப்பு முக்கியம் என்று விமானிகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயத்தைத்தான் யாராவது போக்க வேண்டியிருந்தது.

உங்கள் சக ஊழியர்களுக்கும் தவறு குறைய வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கும். ஆனால் மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் தங்கள் பெயர் படிக்கப்படும் அந்த நிமிடத்தை நினைத்துத்தான் பேனாவை எடுக்காமல் இருந்திருப்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகப் பாருங்கள். அவர்கள் மொழி தெரியுமென்றால் அதிலேயே பேசுங்கள். என் யோசனையில் உங்களுக்கு எது உறுத்தியது என்று கேளுங்கள். இப்போது திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பயமில்லாமல் சொல்வார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.