மெழுகுக் கோடும் வெண்டைக்காய் அச்சும்

கேள்வி: மெழுகுவர்த்தியால் வரைந்து, மேலே வண்ணம் பூசும் படத்தைப் பிள்ளைகளோடு செய்தேன். கோடுகள் வெள்ளையாகத் தெரியாமல் மறைந்துவிடுகின்றன. ஏன்?
– வாசகி, காட்பாடி

பதில்: பூசியது போஸ்டர் கலராக இருக்கும். அது கெட்டியானது, மெழுகையும் மூடிவிடும். வாட்டர் கலர் கட்டியை, கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குத் தண்ணீரில் கரையுங்கள். கனமான டிராயிங் தாளை அட்டையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினால் சுருளாது. வெள்ளைத் தாளில் மெழுகு தெரியாததால் பிள்ளைகள் லேசாகவே தேய்ப்பார்கள். தாளைச் சாய்த்துப் பார்த்து, பளபளப்பு இல்லாத இடத்தில் மறுபடி அழுத்தச் சொல்லுங்கள்.

வேலூர்க் கோட்டை இதற்கு அருமையான படம். மதிலின் கல் இடுக்குகளையும் அகழியின் சிற்றலைகளையும் மெழுகால் வரையட்டும். முதலில் மதிலுக்குப் பழுப்பு. அது காய்ந்த பிறகே அகழிக்கு நீலம், இல்லையென்றால் இரண்டும் கலங்கிவிடும். பிரஷை ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் திரிந்து எழும்பும். நம் ஊர் மே மாத வெயிலில் வண்ணம் பாதியிலேயே காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். காலையிலேயே, ஃபேனை நிறுத்திவிட்டுப் பூசுங்கள்.

கேள்வி: வெண்டைக்காய் அச்சு ஏன் பூவாக விழாமல் இழுகிவிடுகிறது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வழவழப்புதான் காரணம். குறுக்கே வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி, 10 நிமிடம் காயவிடுங்கள். இதற்குப் போஸ்டர் கலர்தான் பொருத்தம், தண்ணீர் சேர்க்காமல். முற்றிய காயே நல்லது, பிஞ்சு நசுங்கிவிடும்.