கடுகும் பூசணிக்காயும்: அமெரிக்க அரசின் ஆட்குறைப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கே: அரசுச் செலவைக் குறைக்க டிரம்ப் அரசு அமைத்த, எலான் மஸ்க்கின் டோஜ் அமைப்பு உண்மையிலேயே பணத்தை மிச்சம் பிடித்ததா சார்?

ப: 2024 தேர்தல் பிரச்சாரத்தில், மிச்சம் பிடிக்கலாம் என்று மஸ்க் சொன்ன தொகை 2 லட்சம் கோடி டாலர். பிறகு அது ஒரு லட்சம் கோடியாக இறங்கியது. கடைசியில் டோஜ் தன் தளத்தில் காட்டிய கணக்கு 20,000 கோடி டாலருக்குச் சற்று மேல். அதையும் அப்படியே நம்ப முடியாது. 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்றை 800 கோடி என்று போட்டு, பத்திரிகைகள் சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினார்கள்.

சரி, அரசின் மொத்தச் செலவாவது குறைந்ததா? 2024 நிதியாண்டில் சுமார் 6.75 லட்சம் கோடி டாலர், 2025இல் சுமார் 7 லட்சம் கோடி. கூடத்தான் செய்தது. ராணுவம் அல்லாத ஊழியர்களின் சம்பளம், சலுகை எல்லாம் சேர்த்தே நூறு டாலரில் நாலைந்து டாலர்தான். பெரும் பணம் போவது ஓய்வூதியம், முதியோர் மருத்துவம், ராணுவம், கடன் வட்டி ஆகியவற்றுக்கு. கடுகு போன இடத்தை ஆராய்ந்தார்கள், பூசணிக்காய் போன இடத்தை விட்டுவிட்டார்கள்.

கே: வேலையைவிட்டு அனுப்பியவர்களையே திரும்பக் கூப்பிட்டார்களாமே?

ப: ஆமாம். அணு ஆயுதக் கிடங்கைக் கவனிக்கும் தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகத்தில், 2025 பிப்ரவரியில், பணிக்காலம் நிரந்தரமாகாத பலரை நீக்கினார்கள். யார் என்ன வேலை செய்கிறார் என்று பார்க்காமல், பட்டியலில் 'தகுதிகாண் காலம்' என்று இருந்தால் போதும், வெளியே. மறுநாளே தவறு புரிந்தது. ஆனால் அதற்குள் அவர்களுடைய அலுவலக மின்னஞ்சலை முடக்கியாகிவிட்டது! 'யாரிடமாவது இவர்களின் சொந்த முகவரி இருந்தால் தகவல் சொல்லுங்கள்' என்று உள்ளேயே கேட்க வேண்டியதாயிற்று. பறவைக் காய்ச்சலைக் கவனித்த வேளாண் துறை ஊழியர்கள் விஷயத்திலும் இதே கதைதான்.

இன்னொரு வேடிக்கை. தாமாக விலகுகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு 2025 செப்டம்பர் 30 வரை சம்பளம், வேலைக்கு வர வேண்டாம். சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். சிக்கனம் என்ற பெயரில் மாதக்கணக்கில் சும்மா இருக்கச் சம்பளம்.

கே: என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். வரி ரீஃபண்ட், கிரீன் கார்டு எல்லாம் தாமதமாகுமா?

ப: இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். குடியேற்றத் துறை பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவது. கிரீன் கார்டு வரிசை நகராததற்குக் காரணம், ஒரு நாட்டுக்காரர்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு. அது முன்பே இருந்த தலைவலி.

வரித்துறை வேறு கதை. 2025 தொடக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் இருந்த இடத்தில், சில மாதங்களில் கால்வாசி பேர் இல்லை. இணையத்தில் தாக்கல் செய்து வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் கேட்டிருந்தால் பொதுவாகக் கவலையில்லை, இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மாப்பிள்ளை எச்1பி என்ற வேலை விசா, மகள் அவருடைய துணைக்கான எச்4 விசா, அவளுக்கு ஐடிஐஎன் எண் (சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கான வரி எண்) வேண்டும் என்றால் விண்ணப்பம் காகிதமாகத்தான் போகும். காகிதத்தைப் பிரிக்க ஆள் வேண்டுமே! சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு உறுத்துவது அதுவல்ல. கணக்கைத் தணிக்கை செய்யும் அதிகாரிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் போய்விட்டார். வசூலிக்கிறவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சம்பளம் மிச்சம் என்று எழுதுகிறார்கள்.

கே: இதற்கு முன் யாரும் செய்ததே இல்லையா?

ப: கிளின்டன் செய்தார். 1993இல் துணை அதிபர் அல் கோர் இந்தச் சீர்திருத்தப் பொறுப்பை ஏற்றார்; 1994இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, விலகுபவருக்கு 25,000 டாலர் வரை கொடுத்து, 2,72,900 இடங்களைக் குறைக்கச் சொன்னது. ஆண்டுகள் எடுத்துச் செய்தார்கள். அப்புறம் பல வேலைகள் ஒப்பந்தக்காரர்கள் கைக்குப் போயின, அந்தப் பில்லும் அரசுக்குத்தான் வந்தது.

கே: ஒரு டாலர் கார்டு என்பது வதந்திதானே?

ப: இல்லை, நிஜம். 2025 பிப்ரவரியில் பல துறைகளின் அரசு கிரெடிட் கார்டு வரம்பை 1 டாலராக்கினார்கள். ஒரு டாலருக்கு மேல் தேய்க்க வேண்டுமென்றால் மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.