வெட்டாத சுரங்கம் மழைக்காலத்தில் மட்டும் ஆற்றை எப்படிக் கெடுக்கும்?

பத்தாண்டுகளாகக் கடப்பாரையே படாத சுரங்கம் மழை பெய்ததும் ஆற்றைக் கெடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊருக்கு மேலேயும் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது போலும். நான் புவியியல் படித்தவன் அல்லன். சேலம் கருப்பூர்ப் பக்கம், மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லை வெட்டிக் கொட்டிய மேடுகளைப் பார்த்து வளர்ந்தவன்.

வெட்டுவதை நிறுத்தினாலும் கழிவு மேடு அங்கேயேதான் கிடக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் உள்ள இடமென்றால், அது காற்றும் ஈரமும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கி, ஈயம், துத்தநாகம், காட்மியம் ஆகிய உலோகங்களைக் கரைக்கும். கோடையில் உப்பாகப் பூத்து நிற்பதை முதல் பெருமழை மொத்தமாகக் கழுவி இறக்கிவிடும். எங்கள் மாக்னசைட்டோ காரத்தன்மை உடையது, அமிலத்தை முறித்துவிடும். அதை வைத்து, "வெறும் சுண்ணாம்புத் தண்ணீர்" என்று நானே பலரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் அது நரம்பு நரம்பாக ஊடுருவியிருக்கும் டூனைட் என்னும் பாறையில் நிக்கலும் குரோமியமும் உண்டு. அவை பெரும்பாலும் கரையாமல், வண்டலோடு வண்டலாக நகர்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், ஓடை பால்போல் வெளுத்து எங்கள் சோளக்கொல்லைக்குள் புகுந்தது. ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன். விடிவதற்குள் அடியில் இரண்டு விரற்கடை வண்டல் படிந்திருந்தது. அழுக்கோடு கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று நினைத்து, தெளிந்ததை மட்டும் வடித்து ஆய்வகத்தில் கொடுத்தேன். எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகத் தாள் வந்தது. சோதிக்க வேண்டியதை முருங்கை மரத்தடியில் கொட்டியிருந்தேன்!

மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: 2012 ஜூன் வெள்ளத்தில், பிரிட்டனின் மேற்கு வேல்ஸில் பழைய ஈயச் சுரங்கங்களின் வண்டல் மேய்ச்சல் நிலங்களில் படிந்தது, அங்கே அறுத்துச் சேமித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் ஈய நஞ்சுக்கு ஆளாயின. வெள்ளைக்கல்லால் பிழைத்தவர்களைக் குறை சொல்வதாகவும் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் தாய்மாமனும் அங்கே கூலிக்குப் போனவர்தான்.

என் ஆற்றாமை வேறு. மழையில் மனு கொடுத்தால், மாதிரி எடுக்க ஆள் வருவது பங்குனியில். ஓடையில் அப்போது கொசுதான் இருக்கும். ஆகவே நீங்களே முதல் பெருமழையன்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, கலங்கலோடு பிடித்துவிடுங்கள். வயலில் படிந்த வண்டலையும் தனியே ஒரு பையில் எடுத்துக்கொண்டு, இரண்டையும் சோதிக்கும்படி எழுதிக் கொடுங்கள்.