எதைக் காத்தார்?

அன்புள்ள ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறேன். ஜூனில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தெற்கு பிரான்சுக்குப் போகிறேன். இடைக்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை தேடித் தேடி எரித்த காத்தார்களின் கோட்டைகளைப் பார்க்க வேண்டும். ஜூன் 21 அன்று மோன்செகூர் கோட்டையில் சூரியோதயம் பார்ப்பது முக்கியத் திட்டம். அன்று முதல் கதிர் சுவர்த் துளைகள் வழியாக நேராகப் பாயுமாம். அவர்கள் காத்த ரகசிய ஞானத்தின் தடயம் அது என்கிறார்கள். ரென்-லெ-ஷாத்தோவும் பட்டியலில் இருக்கிறது.

ஐந்து நாள் போதுமா? எந்தக் கோட்டைகளை விடலாம்? காத்தார்கள் உண்ணாமல் உயிர் விட்டார்கள் என்று படித்தேன், சமணத்தோடு தொடர்பு இருக்குமா?

போன வருடம் அம்மா தவறிவிட்டார். ஃபோனில்தான் கடைசியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த மாதிரி விஷயங்களில்தான் மனம் போகிறது.

க.

அன்புள்ள க.,

'காத்தார்' என்று நீங்கள் எழுதியிருந்ததை முதலில் வினைமுற்றாகப் படித்துத் தடுமாறினேன். யார் காத்தார், எதைக் காத்தார்? அப்புறம்தான் புரிந்தது. ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அந்தத் தவறான வாசிப்பின் மேல்தான் நிற்கிறது. அவர்கள் எதையோ காத்தார்கள், அது இன்னும் கல்லுக்குள் இருக்கிறது, ஐந்து நாளில் எடுத்து வந்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள்.

அந்தப் பெயரே அவர்கள் வைத்துக்கொண்டது அல்ல. 'நல்ல மனிதர்கள்', 'நல்ல கிறிஸ்தவர்கள்' என்றுதான் ஊரார் சொன்னார்கள். நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் இப்படித் திருச்சபைக் கொள்கையை மீறியவர்களுக்குப் பதிதர் என்று பெயர்.

சிறிய விஷயங்களை முடித்துவிடுகிறேன். ரென்-லெ-ஷாத்தோ கிராமத்துப் பாதிரியார் கண்டெடுத்ததாகக் கதை கட்டிய புதையல், பூசைப் பணம். நிறைவேற்றவே முடியாத அளவுக்குப் பூசைக் காணிக்கை வாங்கிக் குவித்தார், திருச்சபையே அவரை விசாரித்தது. காத்தார்கள் ஒளித்ததாகச் சொல்லும் புனிதக் கிண்ணம், இயேசுவின் கடைசி இரவுணவுப் பாத்திரம்? அதைத் தேடி 1930களில் ஓட்டோ ரான் என்ற ஜெர்மன் இளைஞர் அந்த மலைகளில் அலைந்தார். பிறகு நாஜித் தலைவர் ஹிம்லரின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து, 1939-ல் ஆல்ப்ஸ் பனியில் செத்துக் கிடந்தார். சமணத் தொடர்பு? கிடையாது. இதே மாதிரிக் கொள்கை கொண்ட பால்கன் பகுதியின் போகோமில்களோடு உறவு உண்டா என்பதற்கே வரலாற்றாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். உண்ணாநோன்பு ஒத்திருக்கிறது என்பதற்காகச் சமண முனிவர்களைப் பிரெனீஸ் மலையில் ஏற்றாதீர்கள், பாவம்.

இனி மோன்செகூர். நானும் ஏறியிருக்கிறேன். 1207 மீட்டர், தூறல், வழுக்குப் பாறை. மேலே வெள்ளை உடுத்திய ஒரு கூட்டம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. நான் அவர்களைவிட அறிவாளி என்ற நினைப்போடு தனியாகப் போய், ஈரச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். தொண்டை அடைத்தது. இறங்கி வந்த பிறகுதான் உறைத்தது. பத்து மாத முற்றுகை முடிந்து, 1244 மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களை எரித்த பிறகு, மலைமேல் இருந்த அவர்கள் குடியிருப்பு இடிக்கப்பட்டது. இன்று நிற்கும் கோட்டை பின்னால் வென்ற தரப்பு கட்டியது. நான் எரித்தவர்கள் வீட்டுச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்! உங்கள் சூரியக் கதிர் நுழையும் துளையும் அந்த எரித்தவர்கள் வைத்ததுதான். பேர்பெர்த்யூஸ், கெரிபூஸ் கோட்டைகளும் இன்று நிற்கும் வடிவில் பெரும்பாலும் பிரெஞ்சு அரசர்கள் அரகோன் எல்லையைக் காக்க எடுத்துக் கட்டியவை. சாலையோரப் பலகை 'காத்தார் நாடு' என்று வரவேற்கும். பலகை சுற்றுலாக்காரர்களுடையது.

சரி, அவர்கள் என்னதான் சொன்னார்கள்? இந்த உலகைச் செய்தது நல்ல கடவுள் அல்ல. உடம்பு என்பது ஆன்மாவுக்கு மாட்டிவிட்ட சட்டை, ஒன்று கிழிந்தால் இன்னொன்று. அவர்களில் தீட்சை பெற்றவர்கள் இறைச்சி, முட்டை, பால் தொட மாட்டார்கள். மீன் உண்டு. சத்தியம் செய்ய மாட்டார்கள், கொல்ல மாட்டார்கள். தலைமேல் கை வைத்துச் செபிப்பதுதான் பெரிய சடங்கு. போன பிறவியில் குதிரையாக இருந்த ஒருவர், தன் லாடம் கழன்று விழுந்த இடத்தை இந்தப் பிறவியில் கண்டுபிடித்து, லாடத்தையும் எடுத்துக் காட்டினார் என்று ஒரு கதை ஆட்டிடையர்களிடையே உலவியது. இதில் எது ரகசியம் க.? அடுப்படியிலும் ஆட்டுக்கிடையிலும் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். 1209-ல் போப் இவர்கள்மேல் ஏவிய சிலுவைப் படை பெசியே நகரை வளைத்தபோது ஆயர் இவர்களில் இருநூற்றுச் சொச்சம் பேரின் பட்டியலைக் கொண்டுவந்தார். இவர்களை ஒப்படையுங்கள், இல்லையென்றால் நீங்களாவது வெளியே வந்துவிடுங்கள் என்றார். நகரத்துக் கத்தோலிக்கர்கள் மறுத்தார்கள். ஜூலை 22 அன்று நகரம் அழிந்தது. ஏறத்தாழ 20,000 பேர் என்று போப்பின் தூதரே கடிதத்தில் கணக்குக் கொடுத்தார். எனக்கு அந்தப் பட்டியல்தான் முக்கியம். பெயர் பெயராக எழுத முடிந்தது என்றால் யார் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பிற்பாடு ஒளிந்தார்கள், உண்மை. ஒளிந்தது ஆட்கள். சொன்னதை ஒளிக்கவில்லை, ஒளித்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

புதையல் என்று ஆசைப்பட்டால் அதற்கும் சாட்சி உண்டு. மோன்செகூர் முற்றுகையின்போது பொன்னும் வெள்ளியும் காசும் ரகசியமாக இறக்கப்பட்டது நிஜம், பதிவில் இருக்கிறது. பணம், அவ்வளவுதான். சரணடைவதற்கு முன் பதினைந்து நாள் அவகாசம் கிடைத்தது. அந்த நாட்களில் அவர்கள் தங்களைக் காத்த படைவீரர்களுக்கு இருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். மிளகு, உப்பு, மெழுகு. அந்த மிளகு மலபாரிலிருந்து போனதாகத்தான் இருக்க வேண்டும். அதே நாட்களில், பிழைத்துப்போக அனுமதி இருந்தும், ஏறத்தாழ இருபது பேர் புதிதாகத் தீட்சை வாங்கிக்கொண்டு நெருப்புக்குள் போனார்கள். இதற்கு மேல் என்ன மர்மம் வேண்டும் உங்களுக்கு? அதை விட்டுவிட்டுச் சுவர் ஓட்டையில் வெளிச்சம் பார்க்கப் போகிறீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன மாதம் ஊரில் ஆச்சியின் டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். அடியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே ஓட்டைக் காலணா, ஒரு பிடி வசம்பு, அப்புறம் கறுத்துச் சுருண்ட ஏதோ ஒன்று. மனைவி பல்லித் தோல் என்று பதறிவிட்டாள். என் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உங்க மாமாவோட கொடிடா." மூன்று வயதில் போன தாய்மாமா. அவர் பெயரைக்கூட வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தொப்புள்கொடியை ஆச்சி அறுபது வருடத்துக்கு மேல் வைத்திருந்திருக்கிறாள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பெயாட்ரிஸ் தெ பிளானிசோலின் பை. 1320-ல் பாமியே ஆயர் ழாக் ஃபூர்னியே முன் விசாரணைக்கு வந்து, பயந்து ஓடிப் பிடிபட்ட பெண். பையைத் திறந்தார்கள். இரண்டு தொப்புள்கொடி, ரத்தக் கறை படிந்த துணி, சாம்பிராணி, கண்ணாடி, சிறு கத்தி, ஏதோ விதை. சூனியக்காரி என்று எழுதிவிட இது போதாதா? ஃபூர்னியே ஒவ்வொன்றாக இது என்ன என்று கேட்டார், குமாஸ்தா எழுதினார். கொடி இரண்டும் பேரப்பிள்ளைகளுடையவை. வைத்திருந்தால் வழக்கில் தோற்க மாட்டாய் என்று மதம் மாறிய யூதப் பெண் ஒருத்தி சொன்னாளாம். ரத்தத் துணி மகள் பெரியமனுஷியானபோது எடுத்து வைத்தது. அதை மாப்பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தால் வேறு பெண்ணைத் திரும்பிப் பார்க்க மாட்டான். நம் ஊரில் 'மருந்து வைப்பது' என்பார்களே, அதேதான். விதை, பேரனின் காக்காய்வலிப்புக்கு ஒரு யாத்திரிகர் கொடுத்தது. நீங்கள் 'அமானுஷ்யம்' என்று தேடுவது இதுதான் க. மகள் வாழ்க்கை பற்றிய பயம், பேரன் வலிப்பு, கோர்ட்டு கேஸ். பெயாட்ரிஸ் சிறைக்குப் போனாள். 1322-ல் உடையில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொள்ள வேண்டும் என்ற தண்டனையோடு விட்டார்கள்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால் அந்தக் கொடுமைக்காரரின் நுணுக்கத்தால்தான். 1318 முதல் 1325 வரை 578 விசாரணைகள். விசாரிக்கப்பட்டவர்கள் தெற்கு பிரான்சின் மொழியான ஆக்சிதானில் பேசினார்கள், பதிவு லத்தீனில். ஃபூர்னியே 1334-ல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்று போப்பானார், ஏடும் வத்திக்கான் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆன்மா என்பது வெறும் ரத்தம் என்று சொன்ன குடியானவன், உலகம் என்றும் இருந்தது என்றும் இருக்கும் என்று சொன்ன கொத்தனார், எல்லோரும் அதற்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிரான்சுக்குப் போகும் முன் அதன் மொழிபெயர்ப்பைப் படியுங்கள். படிக்காமல் போவதென்றால் போகாதீர்கள். மலைக்காற்று ஸ்டுட்கார்ட் பக்கமும் அடிக்கும்.

அந்த ஏட்டில் அர்னோ ஜெலிஸ் என்று ஒருவன் இருக்கிறான். தேவாலயத்தில் எடுபிடி, குடிகாரன் என்று பெயர். செத்தவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிவார்கள், உறவினர்களுக்குச் சேதி கொண்டுபோவான். செத்தவர்கள் கோயில் கோயிலாக நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்றான். தெருவெல்லாம் அவர்கள்தான். கையை வீசி நடந்தால் முழங்கை பட்டு விழுந்துவிடுவார்கள், அதனால் கையை உடம்போடு ஒட்டி வைத்து நடங்கள் என்று உயிரோடு இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இதைச் சொன்னதற்குத்தான் விசாரணை. அம்மாவை ஃபோனில் கடைசியாகப் பார்த்தேன் என்ற உங்கள் வரியை வாசித்தபோது இவன்தான் வந்து நின்றான். நான் வேறென்ன சொல்ல?

ஐந்து நாள் தாராளம். கோட்டைகளை எல்லாம் விட்டுவிடலாம், மோன்செகூர் மட்டும் போங்கள், ஜூன் 21 வேண்டாம், கூட்டம். துலூஸிலிருந்து ரயில் உண்டு. பாமியே, ஃபுவா, ஆக்ஸ் எல்லாம் அந்தத் தடத்திலேயே வரும். பெயாட்ரிஸ் வாழ்ந்த மோந்தயூ கிராமத்துக்குக் கார் வேண்டும். பாமியேயில் ஒரு நாள் தங்குங்கள். பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, சும்மா தெருவில் நடங்கள். கையை வீசாமல்.