சிரிப்பவரும் அழுபவரும் இடம் மாறியது ஏன்?

ஓர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய உங்கள் அச்சுப்படத்தில், உருண்டையின் இருபுறமும் சிரிப்பவரும் அழுபவரும் ஓவியத்திலிருந்து பக்கம் மாறியிருப்பது ஏன், அவர்கள் இன்பத்தையும் துன்பத்தையும் குறிப்பவர்களா என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் வெறும் இன்பமும் துன்பமும் அல்லர். சிரிப்பவர் டெமோகிரிட்டஸ், கண்ணீர் விடுபவர் ஹெராக்ளிட்டஸ் என்னும் கிரேக்க மெய்யியலாளர்கள். நடுவிலுள்ள உருண்டை உலகம். ஒருவர் அதை எள்ளி நகைக்க, மற்றவர் அதற்காகவே அழுகிறார்.

ஓவியத்தில் இடப்பக்கம் இருந்த சிரிப்பவர் அச்சில் வலப்பக்கம் வந்திருப்பதற்குப் பெரும்பாலும் உட்பொருள் எதுவும் இல்லை. செப்புத்தகட்டில் செதுக்கியது தாளில் கண்ணாடிப் பிம்பமாகவே விழும் என்பதால், ஓவியத்தைப் பார்த்தபடியே செதுக்கினால் இடமும் வலமும் மாறிவிடும்.

கைகளைக் கவனியுங்கள். உருண்டையைச் சுட்டும் விரலும் இறகுப்பேனாவும் இடக்கையில் இருந்தால் அது திரும்பிய படம் என்று ஓரளவு நம்பலாம். கீழே உள்ள லத்தீன் வரிகள் நேராக இருப்பது சான்றாகாது. எழுத்தை மட்டும் இடவலம் மாற்றி வெட்டுவது செதுக்குநர்களின் அன்றாட வேலை.

ஆனால், முகபாவத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிடாதீர்கள். 1660களின் தொடக்கத்தில் இத்தாலிய ஓவியர் சால்வதோர் ரோசா அமிலத்தால் அரித்து உருவாக்கிய அச்சுப்படத்தில் டெமோகிரிட்டஸ் சிரிக்கவேயில்லை. மண்டையோடுகளுக்கும் எலும்புகளுக்கும் நடுவே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் எள்ளியவர் எல்லாவற்றின் முடிவுக்கு முன் திகைத்து நிற்கிறார் என்று அதன் அடியிலுள்ள லத்தீன் வாசகம் அவரையே குத்துகிறது.