இன்டர்கூலர் குழாயில் ஆயில் வந்தால் டர்போவைத்தான் மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 80,000 கிலோமீட்டர் ஓடிய, டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சாதனம்) உள்ள பெட்ரோல் கார். மதுரையிலிருந்து கொடைக்கானல் போய் வந்த பிறகு இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸ் இணைப்பில் ஆயில் கசிகிறது. மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரைத் திரும்ப மிதித்தால் நீலப் புகை. பட்டறையில் டர்போ போய்விட்டது என்கிறார்கள். நண்பர்கள் கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) மாட்டச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கிராங்க்கேஸுக்குள், அதாவது பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள என்ஜின் அடிக்கூட்டுக்குள், எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். நான் மதுரையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். புது டர்போ போட்டும் அதே புகையோடு வந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த என்ஜினிலும் எரிந்த வாயுவில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். அதோடு பெட்ரோல் ஆவியும் நீராவியும் ஆயில் துளிகளும் கலந்திருக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் காரில் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) உறிஞ்சலே இதை பி.சி.வி. வால்வு (கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடும் வால்வு) வழியாக இழுத்து எரித்துவிடும். டர்போ காரில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறியதும் அந்த உறிஞ்சல் போய், மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடுகிறது. அது கிராங்க்கேஸுக்குள் இறங்காதபடி ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு வேறொரு குழாய் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் போய்ச் சேர வேண்டும். ஆக, வழி இரண்டு. இரண்டும் சரியாக இருந்தால்தான் என்ஜின் மூச்சுவிடும்.

உங்கள் மலைப் பயணத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். வத்தலக்குண்டு தாண்டி ஏறும்போது வண்டி நெடுநேரம் பூஸ்ட்டிலேயே இருக்கும். பேக் கம்ப்ரஷன் கூடும். அத்தனையும் இரண்டாவது குழாய் வழியாகத்தான் போக வேண்டும். இறங்கும்போது கியரில் விட்டுக் காலை எடுத்தால் த்ராட்டில் மூடி, மேனிஃபோல்டின் உறிஞ்சல் உச்சத்துக்குப் போகும். பி.சி.வி. வால்வு பழுதாக இருந்தால் ஆயிலையும் சேர்த்து இழுத்துவிடும். வளைவு முடிந்து மிதித்ததும் நீலப் புகை வருவதற்கு அதுவே போதும். வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வளையம்) தேய்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் புகைக்கும்.

பழி டர்போ மேல் விழுவதற்கும் காரணம் இருக்கிறது. டர்போவுக்குள் ஆயில் பம்ப் அழுத்தத்தில் நுழைகிறது; ஆனால் தன் எடையால் மட்டுமே, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடிகிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் வடிய வழியில்லாமல் தேங்கி, இரு பக்கச் சீல்களையும் தாண்டி வெளியேறும். அந்தச் சீல்கள் ரப்பர் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற சின்ன உலோக வளையங்கள். இப்படி வழியும் டர்போவைக் கழற்றினால் ஆயிலில் குளித்துத்தான் இருக்கும். ஷாஃப்டை ஆட்டிப் பார்க்காமல், பிளேடு உரசிய தடத்தைத் தேடாமல், நனைந்திருப்பதை மட்டும் வைத்து அதைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். அதை ஒரு பலகையில் ‘ப’வைப் போல வளைத்துக் கட்டி, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். இரு கால்களும் உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீரை என்ஜின் குடித்துவிடும். ஒரு முனையை டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாயில் காற்றுப் போகாமல் செருகுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். என்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் பாருங்கள். என்ஜின் பக்கத் தண்ணீர் கொஞ்சம் மேலேறி நின்றால் நல்லது. கீழே தள்ளப்பட்டு, ஆர்.பி.எம். கூட்டக் கூட்ட மேலும் இறங்கினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. வேகமாக மேலே பாய்ந்தால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். பி.சி.வி. அமைப்பில் உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். சில என்ஜின்களில் டிப்ஸ்டிக் குழாயின் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும். அங்கே இந்த அளவு பொய் சொல்லும். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு அதில் குழாயைப் பொருத்துங்கள்.

திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு டர்போ பெட்ரோல் காரில் ஐடிலில் மெல்லிய விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆயில் மூடியை எளிதில் திறக்க முடியாத அளவுக்கு உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. திருகித் திறந்ததும் விசில் நின்றது. வால்வு கவரில் இருந்த டயாஃப்ரத்தின் விளிம்பில் விரல் நகம் அளவுக்குக் கிழிசல். அந்த வண்டிக்கும் டர்போ மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

அளந்த பிறகு பிரீதர் ஹோஸ்கள் (கிராங்க்கேஸ் வாயு போகும் அந்த இரு வழிக் குழாய்கள்) ஒவ்வொன்றையும் கழற்றி அமுக்கிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில், என்ஜின் சூட்டில், ரப்பர் விறைத்து விரிசல் விடும். உள்ளே ஆயில் கசடு படிந்து துவாரம் சுருங்கும். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அது புழுதியில் அடைத்தால் டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடி, ஆயில் ஆவியை அதிகமாக இழுக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். ‘கூட இருந்தால் நல்லதுதான்’ என்று ஊற்றும் பழக்கம் டர்போ காரில் கெடுதல்.

கேட்ச் கேன் என்பது ஒழுகும் கூரைக்கு அடியில் வைக்கும் அண்டா. கூரையைச் சரிசெய்த பிறகும் சொட்டுவதைப் பிடிக்க அது உதவும். குறிப்பாக நேரடி இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும்) என்ஜினில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது. ஆயில் ஆவி அங்கே கரியாகப் படியும். அதனால் கேனை நான் வெறுக்கவில்லை. ஆனால் தடுப்புத் தகடோ கம்பி வலையோ இல்லாத வெறும் டப்பா பயன்படாது. ஒரு வழியில் மட்டும் மாட்டினால் மறுவழி அப்படியே இருக்கும். ஒருவழி வால்வைக் கழற்றவே கூடாது. சாதாரணத் தண்ணீர்க் குழாய் ஆயிலில் ஊறி மெத்தென்றாகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ஹோஸ்தான் வேண்டும், அதுவும் பழைய குழாயின் அகலம் குறையாமல். வாயுவைத் திறந்த வெளியில் விடாதீர்கள். அது மாசு விதிக்கு விரோதம், காருக்குள் நாற்றமும் ஏறும். கேனில் சேர்வதில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்திருக்கும். அதைத் திரும்ப என்ஜினில் ஊற்றக் கூடாது. வாரண்டி மிச்சமிருந்தால் கேன் மாட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரீதர் வழி சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். லீக்-டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றும்போது ஆயில் மூடித் துவாரத்தில் ‘உஸ்’ என்ற சத்தம் பலமாகக் கேட்டால் சந்தேகமில்லை.

எல்லாம் பார்த்தும் டர்போதான் பழுது என்று உறுதியானால், அதன் ஆயில் வடிகுழாயையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரி அடைத்திருந்தால் புதிது போடுங்கள். இன்டர்கூலரையும் கழற்றி, தேங்கிய ஆயில் முழுவதும் வடியும்வரை கழுவ வேண்டும். அதை விட்டுவிட்டால் உள்ளே மிஞ்சிய ஆயிலை என்ஜின் எரித்துக்கொண்டே இருக்கும். புது டர்போவும் புகைவதாக உங்களுக்குத் தோன்றும்.